டர்பனில் 22 மாதப் பையனோடு வெளியே போவதும் பையில் கொண்டுபோகும் தின்பண்டமும்

கேள்வி: மார்னிங்சைடு அம்மா

வணக்கம். நாங்கள் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கணவர் துறைமுகத்தை ஒட்டிய ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புவார். பகல் முழுவதும் நானும் 22 மாதப் பையனும் மட்டுமே. ஊரில் இருந்திருந்தால் மாமியார் மடி, எதிர் வீட்டுத் திண்ணை, கோயில் பிரகாரம் என்று கைமாறிக் கைமாறி அவன் பொழுது கழிந்திருக்கும். இங்கே மூன்றாவது மாடி அடுக்ககத்தில், இந்த ஜூன் மாதக் குளிர்கால இருட்டிலேயே எழுந்துகொள்பவன், எட்டு மணிக்குள் நாற்காலி, மேசை, சன்னல் திட்டு என ஏறக்கூடிய எல்லாவற்றிலும் ஏறி முடித்துவிட்டு, தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே போய் நிற்கிறான்.

சென்ற செவ்வாய்க்கிழமை மிட்செல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மூன்று மணி நேரமாவது இருக்கலாம் என்று எண்ணி, வெட்டிய வாழைப்பழம் ஒரு டப்பா, முறுக்கு ஒரு டப்பா, ஆப்பிள் சாறு, பிஸ்கட் என்று பெரிய பை நிறைய எடுத்துப் போனேன். அங்குள்ள பெரிய ஆமைகளை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். அவனோ வழியில் இருந்த இரண்டு படிகளை ஏறி இறங்குவதிலேயே கால் மணி நேரத்தைக் கழித்தான். பிறகு முறுக்கைக் கையில் பிடித்தபடி ஓடியவன் திடீரென நின்று, கண்கள் கலங்க இருமினான், முகம் சிவந்துவிட்டது. நல்லவேளையாக அவனே இருமித் துண்டைத் துப்பிவிட்டான். என் கை மட்டும் அரை மணி நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பதற்றத்தில் பையைத் திறந்தபடியே பெஞ்சில் வைத்துவிட்டேன். கருமுகக் குரங்கு ஒன்று மரத்திலிருந்து ஓசையின்றி இறங்கி, பையின் வாயை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாழைப்பழ டப்பாவை எடுத்தது. மூடியைத் திறக்கத் தெரியாது என்றுதான் நினைத்தேன். ஓரத்தைப் பல்லால் நெம்பி, கண் இமைப்பதற்குள் திறந்து, ஒவ்வொரு துண்டாகக் கன்னத்துக்குள் அடைத்துக்கொண்டு கிளைக்கு ஏறிவிட்டது. பையன் கைதட்டிச் சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. திரும்பும்போது கார் இருக்கையில் உட்கார மறுத்து உடம்பை வில்லாக வளைத்தவனை, கடைசியில் பிஸ்கட்டைக் காட்டித்தான் உட்கார வைக்க முடிந்தது. அடுத்த நாள் கடைக்குப் போகும்போது இருக்கையைப் பார்த்த உடனேயே "பிக்கி" என்று கை நீட்டுகிறான்.

இப்படிப்பட்ட பிள்ளையை எங்கே அழைத்துச் செல்வது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது, கையில் என்ன கொண்டுபோவது? நாங்கள் சைவம். பக்கத்தில் ஒரு விளையாட்டுக் குழுவுக்குப் போனபோது வேறொரு பிள்ளையின் அம்மா அன்போடு பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சித் துண்டை நீட்டினார். என்ன சொல்லி மறுப்பது என்று தெரியாமல் விழித்தேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: சாட்ஸ்வர்த் தாத்தா

அம்மா, வணக்கம். நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். என் பாட்டனாரின் தந்தை கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். பல ஆண்டுகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திவிட்டு, இப்போது இரண்டரை வயதுப் பேத்திக்குக் காவலாக இருக்கிறேன். ஆகவே உங்கள் குரங்குக் கதையைப் படித்துச் சிரித்தேன் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் மாட்டாத வீடு டர்பனில் இல்லை.

முதலில் குரங்கின் செய்தியை முடித்துவிடுகிறேன். இங்குள்ள வெர்வெட் குரங்குகளுக்கு மனிதர்களின் பை என்றால் சாப்பாடு என்பது நன்றாகத் தெரியும். ஜிப் திறக்கும் ஓசை கேட்டாலே கிளையில் தலை திரும்பும். ஆகவே டப்பா பைக்குள்ளும், பை ஜிப் மூடிய நிலையில் உங்கள் தோளிலும் இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு அண்ணாந்து மரத்தைப் பாருங்கள்; கூட்டம் தெரிந்தால் டப்பாவை எடுக்காமல் வேறு பெஞ்சுக்குப் போய்விடுங்கள். அருகில் வந்துவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அதன் கண்ணை நேராக முறைக்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். இரண்டையும் அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். தின்பண்டத்தைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள். பாவம் என்று ஒருநாளும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கிய இடத்தில்தான் அவை பிள்ளைகளின் கையிலிருந்தே பறிக்கின்றன.

இனி உங்கள் பையனின் செய்திக்கு வருகிறேன். படிகளில் கழிந்த அந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள். அவனைக் கேட்டால், அன்றைக்குப் பார்த்ததிலேயே சிறந்தது அந்தப் படிகள்தான் என்பான். இந்த வயதுப் பிள்ளைக்கு ஊர்சுற்றிக் காட்டுவது நம் ஆசையே தவிர அவன் தேவை அல்ல. நான் பேத்தியைத் தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துச் செல்கிறேன். 1849இல் தொடங்கிய தோட்டம், நுழைவுக் கட்டணம் இல்லை, ஓடுவதற்குப் புல்வெளி உண்டு. உலகிலேயே பெண் மரம் ஒன்றுகூட இதுவரை கண்டெடுக்கப்படாத வுட்ஸ் சைக்காடு என்ற பனை போன்ற மரம் அங்கேதான் நிற்கிறது. 1895இல் இங்கோயே என்ற காட்டில் கண்ட ஒரே ஒரு ஆண் மரத்தின் கன்றுகள்தான் இன்று உலகத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் என்று முதல் நாள் பேத்திக்கு விளக்கமாகச் சொன்னேன். அவள் என் செருப்பின் மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன். இப்போது ஒரு வேலிக்கும் ஒரு மரத்துக்கும் இடையில் நாற்பது நிமிடம் நடக்கிறோம். ஹடீடா பறவை புல்லில் அலகைக் குத்திக் குத்திப் புழு தேடுவதைப் பார்த்து அவளும் குனிந்து விரலால் மண்ணைக் குத்துகிறாள். அது "ஹா ஹா" என்று கத்திக்கொண்டு பறந்தால் இவளும் கத்துகிறாள். பிறகு ஒரு பெஞ்சு, ஒரு டப்பா, தண்ணீர், வீடு.

டப்பாவுக்குள் என்ன என்று கேட்டீர்கள். இந்த ஊரில் கிடைப்பதையே சொல்கிறேன்: மதும்பி. நாம் ஊரில் சேப்பங்கிழங்கு என்பதன் வகைதான். சூலு மக்கள் அமதும்பே என்கிறார்கள், டர்பன் தமிழர் வாயில் அது மதும்பி. தோலோடு குழைய வேக வைத்து, உரித்து, சிறிது உப்பும் நெய்யும் தொட்டுப் பிசைந்து, சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டிக் கொடுங்கள். அரைவேக்காடாக இருந்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும் வரை வேக வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படியே. முறுக்கைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்களுக்கு.

மறுமொழி: குழந்தை நலச் செவிலி, பைன்டவுன்

தங்கையே, தாத்தா சொன்னதில் முறுக்கைப் பற்றிய வாக்கியத்தை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். பால்பற்களில் கடைசியாக முளைக்கும் பின் கடைவாய்ப் பற்கள் இரண்டு வயதையொட்டித்தான் வரத் தொடங்கும். கடித்து உடைக்க உங்கள் பையனால் முடியும், அரைக்க முடியாது. முறுக்கு, தட்டை, வறுத்த கடலை, பாப்கார்ன், பச்சைக் காரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு ஆகியவை எல்லாம் உடைந்த வடிவிலேயே தொண்டைக்குப் போகின்றன. அதோடு ஓட்டமும் சிரிப்பும் சேர்ந்தால், மூச்சை இழுக்கும்போது துண்டும் உள்ளே இழுக்கப்படும். முழுக் கடலையை ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், அந்த வட்டம்தான் மூச்சுக்குழாயை மூடி போல அடைக்கிறது. எனக்குத் தெரிந்த எளிய சோதனை, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும் என்பதுதான். நசுங்காதது டப்பாவுக்குள் போகக் கூடாது.

இப்போது நார்ச்சி என்ற சிறு கமலா ஆரஞ்சுப் பழம் வரும் காலம். தோலை மட்டும் உரித்துச் சுளையைக் கொடுத்துவிடுகிறார்கள். விதையை எடுத்து, சுளையின் மேல்தோலைக் கீறி, இரண்டாக வெட்டிக் கொடுங்கள். அவகாடோவும் இந்தக் குளிர்காலத்தில் மலிவாகவே கிடைக்கும். நசுக்கி மெல்லிய சப்பாத்தியில் தடவிச் சுருட்டினால் கையிலும் ஒட்டாது. நீங்கள் தயிர் சாதத்துக்குப் பழகிய வீடு என்றால் கடையில் விற்கும் அமாசியைப் பாருங்கள். புளிக்கவைத்த கெட்டிப் பால்தான் அது. குழைந்த சோற்றில் விட்டுப் பிசைந்தால் பையன் ஊர் நினைவோடு சாப்பிடுவான். ஆனால் சமைத்தது எதுவாயினும் வெளியே எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். டர்பன் கோடையில் வெயில் 32 பாகையைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான். மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மாலையில் கொடுக்கும் வழக்கம் வேண்டாம்.

ஆப்பிள் சாற்றை நிறுத்திவிடலாம். 2018 ஏப்ரலில் இங்கே சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தபோது, சர்க்கரை சேர்க்காத முழுப் பழச்சாற்றை அதிலிருந்து விலக்கினார்கள். அதனால் அது பிள்ளைகளுக்கு நல்லது என்று பல தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வரி இல்லை என்பதால் இனிப்புக் குறைந்துவிடாது. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது என்பது குழந்தை மருத்துவர்கள் வகுத்த வரம்பு. ஒரு சிறு பெட்டியே பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வெளியே தண்ணீர் போதும். ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீரை ஆறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம், அதில் காஃபீன் இல்லை. கொடுப்பதானால் சர்க்கரை இல்லாமல், புட்டியில் அல்லாமல் கிண்ணத்தில் கொடுங்கள்.

பில்டாங் பற்றி: அது உப்பிட்டு உலர்த்திய இறைச்சி. பல் முளைக்கும்போது கடிக்கட்டும் என்று இங்கே பலர் கொடுப்பது உண்மைதான். உப்பும் அதிகம், நாரும் அதிகம். ஆகவே அசைவம் சாப்பிடும் வீட்டுக்கும் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். "நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை, ஆனால் நீங்கள் கொடுக்க வந்ததற்கு நன்றி" என்று சொல்லுங்கள். இந்த நாட்டில் அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. சைவ வீட்டுப் பிள்ளைக்கு நான் பார்க்க விரும்புவது இரும்புச் சத்தைத்தான். பால் நாளுக்கு ஏறத்தாழ அரை லிட்டரோடு நிற்கட்டும்; பாலிலேயே வயிறு நிறைந்தால் பருப்பும் கீரையும் உள்ளே போகாது.

அடுத்த முறை இருமினால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலமாக இருமினால் இருமட்டும், முதுகில் தட்டவோ வாய்க்குள் விரல்விட்டுத் துழாவவோ வேண்டாம். அழ, இரும, மூச்சுவிட முடியாமல் போனால் மட்டும் பிள்ளையை முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவரை அழைத்து 10177 என்ற எண்ணுக்கோ கைப்பேசியிலிருந்து 112க்கோ பேசச் சொல்லுங்கள். இதைப் படித்தால் மட்டும் கை வராது, ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வாருங்கள்.

மறுமொழி: உம்லாங்கா அப்பா

நான் சற்று மாறுபடுகிறேன். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. நான் அவளை வெளியே அழைத்துச் சென்ற இந்த ஒன்றரை ஆண்டில் தின்பண்டம் என்று எதையும் கொண்டுபோனதில்லை. காலையில் வயிறு நிறைய இட்லியோ ஓட்ஸ் கஞ்சியோ கொடுத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புவோம்; ஒன்பதரைக்கு வீட்டில் இருப்போம். பையில் தண்ணீரும் ஒரு மாற்று உடையும் மட்டும். பை கனமாக இருந்தால் நம் கவனம் முழுவதும் பையின் மேல் போய்விடுகிறது, பிள்ளையின் மேல் இருப்பதில்லை. உங்களுக்கு நேர்ந்ததும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

காரில் தின்னக் கொடுப்பதை மட்டும் எப்பாடுபட்டாவது நிறுத்துங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை காரில் குழந்தை இருக்கையில்தான் இருக்க வேண்டும் என்பது 2015 மே முதல் இங்கே சட்டம். ஆகவே உட்காருவது பேரத்துக்கு உரிய செய்தியே அல்ல. இன்னொன்று, நீங்கள் தனியாக ஓட்டுகிறீர்கள். பின்னால் பிள்ளைக்கு அடைத்துக்கொண்டால் சத்தமே வராது, கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. எங்கள் வீட்டில் வேலை செய்த உத்தி இதுதான்: தூக்கி உட்கார வைக்காமல், மகளையே ஏறவிட்டேன். ஏறுவதற்கு இரண்டு நிமிடம் ஆகும், பொறுமையாக நிற்க வேண்டும். மார்புக் கொக்கியை "டக்" என்று மாட்டும் உரிமையை அவளுக்குக் கொடுத்தேன், இடுப்புக் கொக்கி எனக்கு. காரில் மட்டுமே கிடைக்கும் பழைய சாவிக்கொத்து ஒன்றும் உண்டு. முதல் நான்கு நாள் அழுகை. ஐந்தாம் நாள் என்னை முந்திக்கொண்டு ஏறினாள்.

இடம் என்று கேட்டால், நான் கடற்கரை நடைபாதையைத்தான் சொல்வேன். உம்லாங்காவில் 1954இல் கட்டிய சிவப்புத் தலை வெள்ளைக் கலங்கரை விளக்கத்திலிருந்து நடந்தால், கைவண்டி தள்ளவும் பிள்ளை ஓடவும் சமமான பாதை. அலை இறங்கியிருக்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் குட்டி மீன்களைக் காட்டலாம். கையை விடாதீர்கள், கணுக்கால் ஆழம் போதும். கோடையில் வடகிழக்குக் காற்று வீசும் நாட்களில் மணலில் நீலநிறப் பலூன் போலக் கிடப்பது ப்ளூபாட்டில்; செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும். என் மகள் அதைப் பொம்மை என்று எடுக்கக் குனிந்த கணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கொட்டிவிட்டால் மணலால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, நூலை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, பெரியவர் கை தாங்கும் சூட்டில் வெந்நீர் விட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து கடற்கரைகள் பல முறை மூடப்பட்டன. அன்றிலிருந்து அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் நான் மகளைத் தண்ணீரில் விடுவதில்லை, ஆற்று முகத்துவாரத்தில் ஒருபோதும் விடுவதில்லை.

மறுமொழி: குழந்தை நலச் செவிலி, பைன்டவுன்

தம்பி சொன்ன கார்ச் செய்தி முழுவதும் சரி. வெறும் பையோடு போவதை மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் திரும்புபவருக்கு அது பொருந்தும். ஆனால் இந்த வயதில் வயிறு சிறியது; மூன்று நான்கு வேளை உணவோடு, ஒன்றிரண்டு சிறு தீனியும் வேண்டும் என்றே உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பசித்த பிள்ளையின் பிடிவாதத்தையும் பிடிவாதக்காரப் பிள்ளையின் பிடிவாதத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். கடிகாரத்தைப் பார்த்தால் எளிது. சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தால் அது பசி. எனவே தின்பண்டத்தை நேரத்தோடு கட்டுங்கள், நடத்தையோடு கட்டாதீர்கள். அழுதாலும் சிரித்தாலும் பத்து மணிக்குப் பெஞ்சில் உட்கார்ந்தால் டப்பா திறக்கும். எழுந்து ஓடினால் டப்பா மூடும். திட்ட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

அவன் அடங்காமல் ஓடுகிறானே என்று கவலைப்படவும் வேண்டாம். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை நாளுக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், வண்டியிலோ உயர்ந்த நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உங்கள் மகன் எட்டு மணிக்குள்ளேயே கணக்கில் பாதியை முடித்துவிடுகிறான் போலிருக்கிறது.

மறுமொழி: ஃபீனிக்ஸ் ஆயா

கண்ணு, இவ்வளவு சொன்ன பிறகு நான் சொல்ல அதிகம் இல்லை. பூங்காவும் கடலும் போக, கோயிலையும் ஒரு இடமாக வைத்துக்கொள். கூட்டம் இல்லாத வார நாளில், மவுண்ட் எட்ஜ்கம் கோயிலுக்கோ உன் வீட்டுக்கு அருகில் இருக்கும் கோயிலுக்கோ காலையில் போ. செருப்பைக் கழற்றி வைத்த பிறகு வெறுங்காலில் ஓட இடம் உண்டு, மணி உண்டு, உன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள என்னைப் போன்ற நாலு கிழவிகளும் உண்டு. உனக்குக் குறையாக இருப்பது அந்தக் கைகள்தான் என்று உன் முதல் வரிகளைப் படித்தபோதே தெரிந்தது.

அங்கேயும் ஒரு எச்சரிக்கை. சுண்டல் கொடுப்பார்கள், பிரசாதம் என்று மறுக்க மனம் வராது. வாங்கி, ஒவ்வொரு கடலையையும் விரலால் நசுக்கித் தோலை எடுத்துவிட்டுக் கொடு. வரும் ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அழைத்து வா. இந்த ஊர்ப் பிள்ளைகள் இங்கிலீஷில் "பாரிட்ஜ் பிரேயர்" என்று சொல்வது அதைத்தான். ஆறின கூழை விடப் பிள்ளைக்கு வாகான தின்பண்டம் எந்தக் கடையில் விற்கிறது? குல்குலா கேட்டு அழுதால் பாதி கொடு. கனிந்த வாழைப்பழமும் மாவும் சேர்த்துப் பொரிப்பதுதான், உள்ளே மெத்தென்று இருக்கும். ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் என்பதால் நல்ல நாளோடு நிறுத்திக்கொள். அந்த மதும்பியை எங்கள் வீட்டில் பிள்ளைக்கு எடுத்தது போக மீதியைப் புளிக்குழம்பில் போடுவோம். ஒரே அடுப்பில் இரண்டு வேலை முடியும்.

மறுமொழி: மார்னிங்சைடு அம்மா

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நான்கு முறை தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம், எல்லா முறையும் அதே பெஞ்சு. முதல் நாள் மதும்பியை முகர்ந்து பார்த்துவிட்டுப் புல்லில் எறிந்தான். நான் டப்பாவை மூடிவிட்டேன். அழுதான், ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டான். இரண்டாம் நாள் நெய்யைச் சற்றுக் கூட்டினேன், மூன்று உருண்டை சாப்பிட்டான். தாத்தா சொன்ன ஹடீடா வந்தது. பையன் அதன் பின்னால் ஓடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அப்படியே குந்தி உட்கார்ந்து, அது மண்ணைக் குத்துவதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததை நான் தூக்கத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

உம்லாங்கா அண்ணா, கார் இருக்கை எங்களுக்கு ஐந்து நாளில் சரியாகவில்லை. எட்டு நாள் ஆனது, அதில் ஒரு நாள் வாகன நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றேன், பக்கத்தில் கார்களைப் பார்த்துக்கொள்பவர் வந்து "எல்லாம் சரியா, மம்மா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார். இப்போது கொக்கியை அவன்தான் மாட்டுகிறான். "பிக்கி" கேட்பது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, கேட்டுவிட்டுத் தானே "வீட்ல" என்று சொல்லிக்கொள்கிறான்.

நேற்றுக் குரங்குக் கூட்டம் ஒன்று பெஞ்சுக்குப் பக்கத்து மரத்தில் இருந்தது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, என் கையைத் தள்ளி, பையின் ஜிப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முழுவதும் மூட வரவில்லை, மீதியை நான் மூடினேன். வேறு பெஞ்சுக்குப் போய்விட்டோம்.

ஆயா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறோம், கணவருக்கும் விடுமுறை. ஒரு சந்தேகம்: வேகவைத்த மதும்பியைக் குளிர்பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம்?

மறுமொழி: ஃபீனிக்ஸ் ஆயா

பிள்ளைக்கு என்றால் மறுநாள் வரை, அதற்கு மேல் வேண்டாம். மீந்தால் உரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, புளி என்னிடம் இருக்கிறது.